மேனேஜருக்கு ஒரு சீட்

சலவைக்கூடத்தில் அவளை எல்லாரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவளைவிட மூத்த பாய்லர்காரர்கூட அக்கா என்பார். காரணம் அவளுடைய தம்பி. காலையில் கதவு திறந்ததிலிருந்து சாயங்காலம் பூட்டுகிற வரைக்கும் அவன் வாயிலிருந்து வருவது பெரும்பாலும் அந்த ஒரு சொல்தான். பசித்தால் அக்கா, தூக்கம் வந்தால் அக்கா, மூக்கில் ஈ உட்கார்ந்தால் அக்கா. கேட்டுக் கேட்டு மற்றவர்களுக்கும் அதுவே தொற்றிக்கொண்டது.

தம்பிக்கு நாற்பது வயது தாண்டியிருந்தது. அது உடம்புக்கு. மனசு என்னவோ பள்ளிக்கூடத்துக்குப் போகாத வயதிலேயே, இதுக்கு மேல் வளரமாட்டேன் என்று நின்றுவிட்டது. ஆனாலும் சலவைக்கூடத்தில் அவனுக்கு ஒரு பதவி இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மெஷினாகப் போய், கண்ணாடிக் கதவு வழியாகத் துணி சுற்றுவதை எட்டிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு அடுத்ததுக்கு நகர்வான். அதைப் பார்த்து இஸ்திரிக்காரிதான் அவனுக்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள்.

"மேனேஜர் சார், நாளைக்கு எனக்கு லீவு வேணும்" என்பாள். அவன் யோசிக்கிற மாதிரி நின்றுவிட்டுப் பெரிய மனசு பண்ணித் தலையாட்டுவான்.

"பாத்துக்கோ, மேலிடத்துல சொல்லியாச்சு. இனி நீ தடுக்க முடியாது" என்று அக்காவிடம் வந்து நிற்பாள் இஸ்திரிக்காரி. இரண்டு பெண்களும் ஒன்றாகவே வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒருத்தி கூடத்தையே வாங்கி நடத்தும் அளவுக்கு உயர்ந்தாள், மற்றவள் இஸ்திரி மேசையை விட்டு நகரவில்லை. அதனால் அவர்களுக்குள் மரியாதை எதுவும் வந்துவிடவில்லை.

அம்மா இருந்தவரை தம்பி வீட்டில் இருந்தான். அம்மா போன பிறகு அவனைத் தனியாக விட முடியாது என்றாகிவிட்டது. கூடத்திலேயே விட்டுவிட்டு லோடு கொண்டுபோகலாம் என்று பார்த்தால், ஒருநாள் சூடான இஸ்திரி உருளைக்குள் விரிப்பு போகும்போது அதோடு சேர்த்துக் கையையும் விடப்போனான். இஸ்திரிக்காரி பாய்ந்து இழுத்தாள். அன்று அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வரச் சாயங்காலம் ஆனது. மறுநாளிலிருந்து அவள் எங்கே போனாலும் தம்பியும் கூடவே போனான்.

பழைய வேனில் முன்னால் இரண்டு சீட்டு, பின்னால் வெறும் தளம். நடுவில் தடுப்பு கிடையாது. தம்பியை முதலில் பக்கத்து சீட்டில்தான் உட்கார வைத்தாள். அவன் போகிற வண்டியில் கியர் கம்பியைப் பிடித்து இழுத்தான். இரண்டாம் முறையும் இழுத்தான். அதற்கப்புறம் பின்னால் அனுப்பிவிட்டாள். வெளுத்து மடித்து, நான்கு முனையையும் சேர்த்து முடிச்சுப் போட்ட மூட்டைகள். இஸ்திரிச் சூடு முழுதாகப் போயிருக்காது. அதன்மேல் சாய்ந்துகொண்டு ராஜா மாதிரி வருவான்.

உள்ளே மேலே இருக்கும் கண்ணாடியை அவள் சாலைக்காகத் திருப்பி வைத்ததே இல்லை. அது தம்பிக்கென்றே இருந்தது. வளைவில் திரும்பும்போதும் சிக்னலில் நிற்கும்போதும் ஒரு பார்வை பார்த்துக்கொள்வாள். இருக்கிறானா, சரிந்துவிட்டானா, எதையாவது வாயில் போட்டுக்கொண்டானா. அவன் கண்ணாடிக்குள் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பான். மூட்டை வெதுவெதுப்பாக இருக்கிறது, அதில் சாய்ந்துகொள்வது அவனுக்குப் பிடித்திருக்கிறது, அதுதான் சிரிக்கிறான் என்று அவள் முடிவு பண்ணி வைத்திருந்தாள். வருஷக்கணக்காக அந்த முடிவில் மாற்றமே இல்லை.

வினை ஆஸ்பத்திரி வாசலில் வந்தது. அவளுடைய வேலையில் பாதிக்கு மேல் அந்த ஒரு ஆஸ்பத்திரியிலிருந்துதான். அங்கே புதிதாக வந்திருந்த மேற்பார்வையாளர், லோடு இறக்கும் இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வேனின் பின்கதவைத் திறந்தால், ஆபரேஷன் அறைக்குப் போகவேண்டிய விரிப்புகளின்மேல் மேனேஜர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். வாயில் பாதி பிஸ்கட்.

"என்னம்மா இது? ஆளையும் மூட்டையையும் ஒண்ணாப் போட்டு ஏத்திட்டு வர்றீங்க?"

"தம்பிங்க சார். கொஞ்சம் விவரம் பத்தாது. தனியா விட முடியாது."

"அது உங்க கஷ்டம். நான் இல்லேங்கல. ஆனா நோயாளி படுக்கிற துணி இது. ஆள் தனி, துணி தனின்னு நடுவுல முழுசா அடைப்பு இருந்தாத்தான் இனிமே உள்ள விடுவேன். இல்லேன்னா வேற ஆளைப் பாத்துக்குவேன்."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அது அவளுக்கும் தெரியும். மனசைக் குடைந்தது வேறு. ஆளையும் மூட்டையையும் ஒன்றாகப் போட்டு. திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சுதான் காதில் ஓடியது. அம்மா சாகும்போது கையைப் பிடித்துக்கொண்டு ஒப்படைத்துவிட்டுப் போன பிள்ளையை, இத்தனை காலமும் அழுக்குத் துணி மாதிரியா தூக்கிப் போட்டுக்கொண்டு போயிருக்கிறோம் என்று நினைத்தாள். அவனுக்கும் ஒரு சீட்டு வேண்டும். மனுஷன் உட்காருகிற மாதிரி, பெல்ட் போட்டு, ஜன்னல் வைத்து. பின்னால் சரக்கு, முன்னால் ஆள். அப்படி ஒரு வேன்தான் இனி வாங்குவது என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

வேன் தேட ஆரம்பித்தாள். அதைத் தேடல் என்று சொன்னால் போதாது. வேன் விற்கிறவரின் பொறுமைக்கு வந்த சோதனை. ஒரு வண்டியையும் சும்மா பார்த்துவிட்டு வரமாட்டாள். பழைய வேனில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு போய், அங்கே புது வண்டியில் இறக்கி அடுக்கிப் பார்ப்பாள். முதல் வண்டியில் முன்னாலேயே மூன்று பேர் உட்காரலாம், பின்னால் மைதானம் மாதிரி இடம். ஆனால் நடு சீட்டுக்கு நேர் எதிரே கியர் கம்பி. அது மேனேஜர் கையில் கொடுத்த மாதிரி. வேண்டாம். அடுத்தது ஆட்கள் போகிற வண்டி; சீட்டெல்லாம் மெத்தை மெத்தையாக இருந்தது. பின்னால் நான்கு மூட்டை வைத்தாலே கதவு மூடவில்லை.

"சீட்டை மடிச்சு விட்டுக்கலாம்க்கா" என்றார் வேன் விற்கிறவர்.

"மடிச்சுட்டா என் தம்பி எங்க உட்காருவான்? உங்க மடியிலயா?"

மூன்றாவது வண்டி அவள் மனசுக்குப் பிடித்தது. ஓட்டுகிறவர் வரிசை, அதன் பின்னால் இன்னொரு வரிசை, அதற்கும் பின்னால் மூட்டைகள் தாராளமாகக் கொள்ளும் தளம். ஒரு பக்கம் மட்டும் இழுத்துத் திறக்கும் கதவு. தளம் தாழ்வாக இருந்ததால் தூக்கி ஏற்ற இடுப்பு போகாது. அதையும் ஒரே நாளில் முடிக்கவில்லை. பெல்ட்டை இழுத்துப் பார்த்தாள், சீட்டுத் துணியைத் துவைக்க முடியுமா என்று நகத்தால் சுரண்டிப் பார்த்தாள், தம்பியின் முழங்கால் இடிக்குமா என்று கையால் முழம் போட்டாள்.

"உனக்கு மாப்பிள்ளை பாத்திருந்தாக்கூட இந்தப் பாடு பட்டிருக்க மாட்டே" என்றாள் இஸ்திரிக்காரி.

"மாப்பிள்ளை பிடிக்கலேன்னா அனுப்பிச்சிடலாம். இதை யார் திருப்பி எடுத்துக்குவாங்க?" என்றாள் அக்கா. இருவரும் சிரித்தார்கள். அக்காவுக்கு வந்த வரன்களெல்லாம் தம்பியைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனவைதான். அதைச் சொல்லிச் சிரிக்கப் பழகி ரொம்ப நாள் ஆகியிருந்தது.

ஒவ்வொரு வண்டியிலும் தம்பி ஒரே காரியத்தைத்தான் செய்தான். நேராகப் பின்தளத்துக்குப் போய் ஏறி, மூட்டையில் சாய்ந்து உட்காருவான். பிறகு முன்னால் ஓட்டுகிற சீட்டைக் கைகாட்டி, "அக்கா... அங்க" என்பான். திரும்பத் திரும்பச் சொல்வான்.

"வர்றேன்டா, இரு" என்று சொல்லிவிட்டு அவள் டயரைப் பார்க்கப் போய்விடுவாள். அவன் உள்ளே இருக்கும்போது அவள் ஒருதடவைகூட அந்த சீட்டில் ஏறி உட்காரவில்லை. வண்டியை ஓட்டிப் பார்க்காமல் இல்லை. அன்றைக்கு மட்டும் மேனேஜரை இஸ்திரிக்காரியிடம் விட்டுவிட்டுப் போனாள்.

வண்டி வாங்கியதும் தகரவேலைக்காரரிடம் கொண்டுபோனாள். அவர் இரண்டாம் வரிசைக்குப் பின்னால், தளத்திலிருந்து கூரை வரைக்கும் இரும்புத் தகட்டால் அடைப்புப் போட்டார். ஓரத்தில் ரப்பர் வைத்துக் காற்றுகூடப் புகாமல் இறுக்கினார். வேலை சுத்தம். முடித்துவிட்டு முன்னால் ஏறிப் பார்த்தவர், உள்கண்ணாடியைத் தட்டிக் காட்டினார்.

"இது இனிமே எதுக்கும்மா? பின்னால தகரம்தான் தெரியும். சும்மா மறைக்கும். கழட்டிடவா?"

"கழட்டிடுங்க" என்றாள் அவள்.

முன்கண்ணாடியில் ஒட்டியிருந்த குமிழ் மட்டும் வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றி முன்பலகையில் வைத்தார். தம்பி அதை எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

"மேனேஜருக்கு அழகு பாக்கணுமாம்" என்றார் தகரவேலைக்காரர்.

முதல் பயணத்துக்குத் தம்பிக்குப் புதுச் சட்டை போட்டுவிட்டாள். இழுக்கும் கதவுப் பக்கம் உட்கார்ந்தால் திறந்துவிடுவானோ என்ற பயத்தில், தன் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார வைத்தாள். பெல்ட்டை மாட்டி, இழுத்துச் சரிபார்த்து, தலையைக் கோதிவிட்டாள். பெரிய மனுஷன் மாதிரி இருந்தான். அதைப் பார்த்து அவளுக்குக் கண் நிறைந்துபோனது. அம்மா பார்க்கவில்லையே என்று இருந்தது.

தெருமுனை திரும்புவதற்குள் ஆரம்பித்தது. முதலில் அடைப்பைத் தட்டினான். அப்புறம் அவள் சீட்டின் முதுகைத் தட்டினான். "அக்கா. அக்கா." உயரமான சீட்டு அது, தலைக்கு மேலும் மெத்தை இருந்தது. அவளால் திரும்பவும் முடியவில்லை.

"இங்கதான்டா இருக்கேன். முன்னாலதான் இருக்கேன்."

குரல் கேட்டதும் தட்டுவது இன்னும் அதிகமானது. சிக்னலில் நின்றபோது அவள் தோள்மேல் ஏதோ குத்தியது. கழற்றிப்போட்ட கண்ணாடி. பெல்ட்டுக்குள் திமிறிக்கொண்டு, அதை அவளிடம் நீட்டிக்கொண்டிருந்தான். "அக்கா... அங்க."

"உனக்குத்தான்டா அது. நீயே வெச்சுக்கோ" என்று பின்னால் தள்ளிவிட்டாள். பச்சை விழுந்துவிட்டது, பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்துத் தொலைத்தார்கள்.

மூட்டையை நினைத்து அடம்பிடிக்கிறான் என்று எண்ணிக்கொண்டாள். மறுநாள் இஸ்திரிச் சூட்டோடு ஒரு தலையணையை அவன் மடியில் வைத்தாள். அதைத் தூக்கி எறிந்தான். ஜன்னல் பக்கம் நகர்த்தி, தெருவில் போகிற நாயையும் பஸ்ஸையும் காட்டினாள். நாயும் பஸ்ஸும் யாருக்கு வேண்டும். நாளாக ஆக, வண்டியைக் கண்டாலே தரையில் உட்கார்ந்துகொண்டான். அவனைத் தூக்கி ஏற்ற, பாய்லர்காரரும் கைகொடுக்க வேண்டியிருந்தது.

ஒரு மத்தியானம், ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் எப்படியோ பெல்ட்டைக் கழற்றிவிட்டான். எழுந்து, சீட்டுக்கு மேலே வளைந்து, இரண்டு கைகளாலும் அவள் முகத்தைப் பிடித்து, தன் பக்கமாகத் திருப்பினான். அந்தக் கையில் பலம் கொஞ்சமா? அவளுக்குச் சாலையே தெரியவில்லை. வண்டி நடைபாதை விளிம்பில் ஏறி, ஒரு கம்பத்தை உரசிக்கொண்டு நின்றது. நல்லவேளையாக நடைபாதையில் அந்த இடத்தில் யாரும் இல்லை. கொஞ்சம் முன்னால் ஒரு பெண் கைக்குழந்தையோடு போய்க்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்த்துவிட்டுக் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டாள்.

அக்கா இறங்கி, கதவை இழுத்துத் திறந்து, வாழ்க்கையில் முதல்தடவையாகத் தம்பியை அறைந்தாள். அவன் அழவில்லை. அறைவதற்காகக் குனிந்த அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் பயந்துபோனாள். இவனுக்கு என்னவோ முற்றிவிட்டது, இனி நம்மால் ஆகாது என்று தோன்றியது.

அவனைக் கொண்டுபோய் விட்ட விடுதி நல்ல இடம்தான். அதைக் குறை சொல்வதற்கில்லை. இவனைப் போன்றவர்களுக்கென்றே நடத்துவது; அறை சுத்தமாக இருந்தது, விரிப்பை விரலால் தடவிப் பார்த்து, சலவை பரவாயில்லை என்று நினைத்தாள். கொஞ்ச நாளைக்குத்தான், சரியானதும் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று பராமரிப்பாளரிடம் சொன்னாள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள் போலிருக்கிறது; பராமரிப்பாளர் சரிங்க என்று மட்டும் சொன்னார்.

வாரம் தவறாமல் போனாள். அவள் எதிரே உட்கார்ந்தால் அவன் சாதுவாக இருந்தான். ஊட்டினால் சாப்பிட்டான். எழுந்தால் மட்டும் சேலையைப் பிடித்துக்கொண்டான். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வருவாள். அடுத்த வாரம் போகும்போது இன்னும் கொஞ்சம் மெலிந்திருப்பான். மழைக்காலத்தில் சளி பிடித்தது, நெஞ்சில் இறங்கியது. செய்தி வந்து அவள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். மூடியிருந்த விரிப்பின் ஓரம் பிரிந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள், வேறெதையும் பார்க்கத் தெம்பில்லை.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அவன் சாமான்களை வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். துணிப்பை ஒன்றுதான். மடித்த சட்டைகள், சீப்பு, கடைசியாக அந்தக் கண்ணாடி.

"இதை மட்டும் யாரையும் தொட விடமாட்டாரும்மா" என்றார் பராமரிப்பாளர். "முகம் பாக்குறதுக்குன்னு நெனச்சேன். ஆனா ஒருநாளும் தன் மூஞ்சியைப் பாத்து நான் பாக்கல. கதவு பக்கம் முதுகைக் காட்டி உக்காந்துக்குவாரு. இதைத் தலைக்கு மேல தூக்கிப் பிடிச்சு, இப்படிச் சாய்ப்பாரு, அப்படிச் சாய்ப்பாரு. எதையோ தேடுற மாதிரி. கை வலிச்சா எறக்கிட்டு, மறுபடி தூக்குவாரு."

அவள் பையை வாங்கிக்கொண்டு வந்தாள்.

கூடத்து வாசலில் வேன் நின்றது. பின்னால் ஆஸ்பத்திரி லோடு ஏற்றியாகிவிட்டது. சாவுக்காக அது எத்தனை நாள் காத்திருக்கும்? அவள் முன்கதவைத் திறந்து, முன்கண்ணாடியில் மிச்சமிருந்த குமிழில் அந்தக் கண்ணாடியை வைத்து அழுத்தினாள். 'டக்' என்று உட்கார்ந்தது. அதற்கு ஒரு ஆளும் வேண்டியதில்லை, ஒரு கருவியும் வேண்டியதில்லை. கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு, பின்னால் போய், தம்பி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்தாள். அவ்வளவு அலசி ஆராய்ந்து வாங்கிய வண்டியில் அந்த சீட்டில் மட்டும் அவள் அதுவரை உட்கார்ந்ததில்லை.

எதிரே முன்சீட்டின் முதுகு. சாம்பல் நிறத் துணி. தையல். வேறொன்றும் இல்லை.

இஸ்திரிக்காரி அவளைத் தேடிக்கொண்டு வெளியே வந்தாள். "இங்க என்ன பண்றே? நேரமாச்சே. உன்னால முடியலேன்னா பாய்லர்காரர் மகனை ஓட்டச் சொல்லவா?"

"கொஞ்சம் முன்னால ஏறி உக்காரேன்."

"எங்க? ஓட்டுற எடத்துலயா? எனக்கு சைக்கிளே வராது."

"சும்மா உக்காரு."

இஸ்திரிக்காரி புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். எதைப் பிடிப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்தாள். கண்ணாடியில் அவள் தலைமுடியும் காதும்தான் வந்தன. அக்கா எழுந்து, பெல்ட் போடாததால் எளிதாக வளைந்து, கண்ணாடியை இப்படிச் சாய்த்தாள், அப்படிச் சாய்த்தாள். உட்கார்ந்து பார்த்தாள். மறுபடி எழுந்து, ஒரு நூல் அளவு திருப்பினாள்.

வந்துவிட்டது. நெற்றி, மூக்கு, வாய், மோவாய். ஓட்டுகிறவர் முகம் முழுசாக, பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி தெரிந்தது.

இத்தனை வருஷமும் கண்ணாடியில் தான் அவனைப் பார்த்துக்கொண்டு வந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். வளைவுக்கு ஒரு தடவை, சிக்னலுக்கு ஒரு தடவை. அவனுக்குச் சாலை இல்லை, சிக்னல் இல்லை. அவன் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறான்.

"இதைத்தானேடா கேட்டே" என்றாள். "அங்க அங்கன்னு இதைத்தானேடா கேட்டே. வாயில்லாத புள்ள, கையில கொண்டுவந்து குடுத்தியேடா. நான் தள்ளிவிட்டேனே."

இஸ்திரிக்காரிக்கு ஒன்றும் புரியவில்லை. திரும்பிப் பார்க்க முயன்றாள். உயரமான சீட்டு மறைத்தது. அப்புறம்தான் தலையை நிமிர்த்தினாள். கண்ணாடிக்குள் அக்காவின் முகம் இருந்தது. அழுகிறாள் என்பது அவளுக்கு அதில்தான் தெரிந்தது. இறங்கிப் போய்ப் பிடித்துக்கொள்ளலாம் என்று கதவில் கை வைத்தாள்.

"எறங்காதே" என்றாள் அக்கா. "கொஞ்ச நேரம் அப்படியே உக்காந்திரு."